ஐந்தாம் இலக்க ஆப்பு

புதன்கிழமை, பிற்பகல் 2.05.

புளியங்குளம் சந்தியிலிருந்து உள்ளே மூன்று கிலோமீற்றர் தள்ளியிருந்த அந்த வீட்டில், சிவலட்சுமி ஒரு கோப்பையில் சோறும் கறியும் போட்டுக்கொண்டு குசினியிலிருந்து முன்வாசலுக்கு வந்தார். காலையில்தான் மகன் விதுசனின் பொன்னுருக்கு நடந்திருந்தது. தாலிக்குப் பொன்னை உருக்கிக் கொடுத்த ஆசாரியாரை அவர் வீட்டில் விட விதுசன் போயிருந்தான். வந்த சனமெல்லாம் சாப்பிட்டுப் போய்விட்டது. வெளியே வேலையாள் ரூபன் நின்றான். புதிதாகப் போட்ட போட்டிக்கோவின் கொங்கிறீற் கூரைச் சிலாப்பு இறுகத் தண்ணீர் விட அவன் தினமும் வருவான். நல்ல காரியம் நடந்த வீட்டில் அவனை வெறும் வயிற்றோடு அனுப்ப சிவலட்சுமிக்கு மனம் வரவில்லை.

அவர் நிலைவாசலுக்கு வரும்போது ரூபன் வெளியிலிருந்து கத்தினான்.

"அம்மா, வராதீங்க! உள்ளயே நில்லுங்க!"

அடுத்த கணம் சிலாப் முழுவதும் கீழே வந்தது. புழுதி அடங்கியபோது சிவலட்சுமியின் கையில் கோப்பை அப்படியே இருந்தது. ரூபன் இடுப்புவரை இடிபாட்டுக்குள் கிடந்தான்.

அன்று மாலை ஐந்தரைக்குள் பொலிஸ் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. வீட்டு வேலையை ஒப்பந்தத்துக்கு எடுத்திருந்த வீரபாகுவுக்கு ஓமந்தையில் இன்னொரு வேலை இருந்தது. சிலாப்பைத் தாங்கி நின்ற மரமுட்டுகளை அங்கே கொண்டுபோகும் அவசரத்தில், சிலாப் போட்ட ஒன்பதாம் நாளே அவற்றைக் கழற்றச் சொல்லியிருக்கிறார். ரூபன் கழற்றினான், சிலாப் விழுந்தது. கண்ணால் கண்ட சாட்சியும் ஒன்று இருந்தது. இதற்கு மேல் என்ன வேண்டும்? வீரபாகுவைக் கூண்டுக்குள் போட்டுக் கதவைப் பூட்டினார்கள்.

வியாழக்கிழமை, காலை 6.40.

சட்டத்தரணி யதுர்ஷிகா வவுனியா ஆஸ்பத்திரி விறாந்தையில் ஒரு பெண்ணுக்கு முன்னால் நின்றாள். அந்தப் பெண்ணின் கையில் யதுர்ஷிகாவின் பெயர் அட்டை கசங்கிக் கிடந்தது.

அந்த அட்டைக்கு ஒரு கதை உண்டு. வீடு திருத்தும் ஒப்பந்தக்காரருக்காகப் பங்குனி மாதம் ஓமந்தையில் ஒரு கூட்டம் நடந்தது. யதுர்ஷிகா இரண்டு மணித்தியாலம் தொண்டை கிழியப் பேசினாள். எதையும் எழுத்தில் வையுங்கள், நாளைக் குறியுங்கள், வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள், வேலையாளுக்குக் காப்புறுதி எடுங்கள் என்று விரல்விட்டுச் சொன்னாள். நாற்பது பேர் வந்திருந்தார்கள். அதில் முப்பத்தெட்டுப் பேரின் கண் சாப்பாட்டுப் பார்சலில் இருந்தது. மாதிரி ஒப்பந்தப் படிவத்தையும் அட்டையையும் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்த மற்ற இருவரில் வீரபாகு ஒருவர். படிவத்தை அவர் நிரப்பவேயில்லை என்பது வேறு விஷயம்.

"நான் அனோஜா. ரூபனோட சம்சாரம். வீரபாகு பாஸைப் பிடிச்சிட்டுப் போறப்ப இந்த அட்டைய என் கையில குடுத்தாரு, மிஸ்."

"ரூபன் எப்பிடி இருக்கிறார்?"

"இடுப்பு எலும்பும் ஒரு காலும் முறிஞ்சிருச்சு. ஒப்பரேசன் முடிஞ்சிருச்சு. இன்னும் கண் முழிக்கல." அனோஜா அழவில்லை. அழுது முடித்திருந்தாள். "உசிர் பிழைச்சிருவாருன்னு டொக்டர் சொன்னாரு. ஆனா முட்டைக் கழட்டப் போய் அவரே சிலாப்பைத் தலையில போட்டுக்கிட்டாருன்னு பொலிஸ் புத்தகத்துல எழுதிட்டாங்க. பதினெட்டு வருசமா மேசன் வேலை செய்றவரு. நாளைக்கு எந்திரிச்சா அவருக்கு யாரு வேலை குடுப்பா? எம் பிள்ளைகிட்ட ஊரு என்ன சொல்லும்?"

"அவர் கழட்டேல்லை எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"ஒன்பதாம் நாள் முட்டக் கழட்ற மேசனை நீங்க பாத்திருக்கீங்களா?"

யதுர்ஷிகா பார்த்ததில்லை. ஒன்பது வருடமாக வவுனியா நீதிமன்றங்களில் ஏறி இறங்கியவள் அவள். எதிர்த்தரப்புச் சட்டத்தரணிமார் அவளைப் பிடித்த பிடி விடாதவள் என்று சலித்துக்கொள்வார்கள். பிற்பகல் மூன்றரைக்கு வீரபாகுவை நீதவான் முன்னால் நிறுத்துவார்கள். அதற்குள் ஒன்றும் கிடைக்காவிட்டால் பதினான்கு நாள் விளக்கமறியல் நிச்சயம். அவள் ஸ்கூட்டியை வடக்கே திருப்பினாள்.

காலை 7.50.

பொலிஸ் நிலையத்தில் கம்பிக்குப் பின்னால் வீரபாகு குந்தியிருந்தார். ஐம்பத்தைந்து வயது. தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்த குடும்பத்தில் கைக்குழந்தையாக வந்தவர். சுவர் கட்டக் கற்றதெல்லாம் இங்கேதான். அவர் கட்டிய வீடுகள் ஏ9 வீதியின் இரண்டு பக்கமும் நிற்கின்றன. ஒன்றுகூட விழுந்ததில்லை, நேற்றுவரை.

"முட்டை எப்ப கழட்டுறதாய் வீட்டுக்காரரோட கதைச்சனீங்கள்?"

"இருபத்தொரு நாள் கழிச்சு, மிஸ். அந்தம்மாகிட்ட சொன்னேன். அவங்க அண்ணன் சிற்றம்பலம் ஐயாகிட்டயும் சொன்னேன். கல்யாணம் அதுக்கப்புறந்தானேன்னு சரின்னாங்க."

"பொன்னுருக்கு ஒன்பதாம் நாள் எண்டு சொன்னவையோ?"

"இல்லையே. சொல்லியிருந்தா சிலாப்பையே பொறவு போட்டிருப்பேன்."

"எழுத்திலை ஏதும்?"

வீரபாகு தலை குனிந்தார். யதுர்ஷிகாவுக்குக் கோபம் வந்தது. ஒரு தாள், ஒரு கையெழுத்து, ஐந்து நிமிடம். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. ஆனால் கம்பிக்குப் பின்னால் இருப்பவரைத் திட்டி என்ன ஆகப் போகிறது?

"நேற்று ஒண்டு ஐம்பத்திரண்டுக்கு ரூபன் உங்களுக்குப் போன் எடுத்திருக்கிறார் எண்டு பொலிஸ் சொல்லுது."

"ஆமா. நடு வரிசை முட்டு மூணையும் காணோம், சிலாப் நடுவுல முனகுதுன்னான். கிட்டப் போகாத, ஆரையும் கீழ விடாத, நான் வர்றேன்னு சொன்னேன். கேக்கல, பாவி." அவர் முகத்தைத் துடைத்தார். "கழட்டுன்னு நான் உத்தரவு குடுத்தேன்னு எழுதிட்டாங்க."

"முட்டு எப்பிடி நிறுத்தினீங்கள்? ஒண்டும் விடாமல் சொல்லுங்கோ."

"ஒன்பது முட்டு. மூணு வரிசை. ஒவ்வொரு முட்டுக்கும் அடியில ரெண்டு ஆப்பு, எதிரும் புதிருமா அடிச்சு இறுக்கணும். ஒரே முதிரை மரக்கட்டையை அறுத்துத்தான் ரெண்டையும் செய்வேன். அதுக்கு அது மட்டுந்தான் பொருந்தும். மாறிப் போச்சுன்னா வழுக்கிரும். அதனால முட்டுக்கும் ஆப்புக்கும் நீலப் பெயின்டுல நம்பர் போட்டிருப்பேன். இருபது வருசப் பழக்கம்."

யதுர்ஷிகா கொப்பியில் ஒரே ஒரு வரி எழுதினாள்: ஒன்பது முட்டு, பதினெட்டு ஆப்பு.

காலை 9.15.

சிவலட்சுமியின் வளவு வீதியைவிடத் தாழ்வாக இருந்ததால் முன்பக்கத்துக்குப் புதிதாகக் கிரவல் மண் கொட்டி நிரப்பியிருந்தார்கள். யதுர்ஷிகா ஸ்கூட்டியை நிறுத்தியதும் அதன் கால் மண்ணுக்குள் புதைந்து வண்டி சரிந்தது. சார்ஜன்ட் சுகிர்தன் ஓடிவந்து பிடித்தார். விசாரணை அவர் பொறுப்பில் இருந்தது. கெட்டிக்காரர்தான், ஆனால் வழக்குக் கோவையைச் சீக்கிரம் மூடுவதில் ஆசை கூடியவர்.

"மண் இன்னும் இறுகேல்லை மிஸ். ஒரு பலகைத் துண்டை வைச்சு விடுங்கோ."

இடிந்த சிலாப்புக்குப் பக்கத்தில், வீட்டின் வடகிழக்கு மூலையில், கன்னிக்கால் நின்றது. பொன்னுருக்கிய கையோடு கல்யாண வீட்டில் ஊன்றும் முள்முருக்கந்தடி. மாவிலையும் மஞ்சள் துணியும் கட்டி, அடியில் நவதானியம் தூவி, பாலும் தண்ணீரும் வார்த்திருந்தார்கள். அந்த அலங்கோலத்துக்கு நடுவில் அது மட்டும் ஆடாமல் நின்றது. யதுர்ஷிகா செருப்பைக் கழற்றிவிட்டு அதைச் சுற்றிப் போனாள்.

"படம், வீடியோ ஏதும் இருக்கோ?"

"எல்லாற்றை போனையும் பாத்திட்டன். முட்டு வடிவில்லை எண்டு முன்னுக்கு முழுக்கச் சீலை கட்டி மறைச்சிருக்கினம். சீலைக்குப் பின்னாலை எத்தினை முட்டு நிண்டது எண்டு ஒரு படத்திலையும் தெரியேல்லை."

கண்ட சாட்சி, வாசலில் கதிரை போட்டு அமர்ந்திருந்தார். சிவலட்சுமியின் அண்ணன் சிற்றம்பலம். ஸ்கந்தபுரத்தில் பத்து ஏக்கர் வயல் செய்பவர். தங்கை கணவனை இழந்த நாளிலிருந்து இந்த வீட்டு நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அவர்தான் முன்னுக்கு நிற்பார்.

"நீங்கள் என்ன கண்டனீங்கள் ஐயா?"

"அவன் ரூபன் சுத்தியலும் கையுமாய் முட்டுக்குக் கீழை குந்தியிருந்து ஆப்பை அடிச்சுக் கொண்டிருந்தவன். என்ரை கண்ணாலை கண்டனான்."

"எத்தினை மணி?"

"ரெண்டு மணி இருக்கும்."

"அதுக்கு முதல் ஆரும் முட்டிலை கை வைச்சதோ?"

"எங்களுக்கென்ன விசரே? காலமை முழுக்க நல்ல காரியம். பத்து இருபத்திரண்டுக்குச் சுபநேரம். தாய்மாமன் நான்தான், என்ரை கையாலை கன்னிக்கால் ஊன்றினனான். வேறை ஒருத்தரையும் தொடவிடேல்லை. பாருங்கோ, இவ்வளவு அமளிக்கையும் அது அசையாமல் நிக்குது!" அவர் குரலில் பெருமை தொனித்தது. "உவங்களை நம்பி வேலை குடுத்ததுதான் நாங்கள் செய்த பிழை. எங்கையிருந்து வந்தவங்களோ."

யதுர்ஷிகாவுக்குக் காது சுட்டது. ஐம்பது வருடம் ஒரே மண்ணில் இருந்தவரைப் பார்த்து எங்கையிருந்து வந்தவர் என்று கேட்க எப்படி வாய் வருகிறது? அதை விழுங்கிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.

"ரூபன் ஏன் காலமை வரேல்லை? ரெண்டு நேரமும் தண்ணி விடுறவரெல்லோ?"

"சடங்கு வீட்டிலை ஏன் எண்டு நான்தான் மறிச்சனான். மத்தியானத்துக்குப் பிறகு வரச் சொன்னனான்."

அவருடைய மனைவி நேசமலர் கதவோரம் நின்றார். கேட்ட கேள்விக்கெல்லாம் "எனக்குத் தெரியாது பிள்ளை" என்ற ஒரே பதில். அதைச் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் புருஷனைப் பார்த்தார்.

சிவலட்சுமி குசினியில் இருந்தார். அடுப்பு எரியவில்லை.

"நான் முன்பக்கம் போகேல்லை பிள்ளை. காலமை முழுக்கப் பின்னாலைதான். தாலி இல்லாதவள் நல்ல காரியத்திலை முன்னுக்கு நிக்கப்படாது எண்டு அண்ணை சொல்லுவார். நானும் அப்பிடித்தான் இருந்து பழகிட்டன். எல்லாரும் போன பிறகுதான் சாப்பாட்டோட வெளியிலை வந்தனான்." எரியாத விறகை ஓரமாகத் தள்ளி வைத்தார். "அந்தப் பொடியன் கத்தியிருக்காட்டி நானும் கீழைதான். பொலிசிட்டைச் சொன்னனான். எழுதினவையோ தெரியாது."

சார்ஜன்ட் கொப்பியைப் புரட்டினார். அது எழுதப்பட்டிருக்கவில்லை.

காலை 10.30.

இடிபாட்டிலிருந்து எடுத்த சாமான்களை மாமரத்தடியில் பரப்பியிருந்தார்கள். யதுர்ஷிகா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தாள்.

ஒன்று, இரண்டு, மூன்று, ஏழு, எட்டு, ஒன்பது. இரண்டு பக்க வரிசைகளின் முட்டுகளும் ஆப்புகளும் முறிந்தும் சிராய்ந்தும் கிடந்தன. நடு வரிசையைச் சேர்ந்த நாலாம், ஆறாம் முட்டுகள் விறகுக் கொட்டிலுக்குப் பின்னால் தங்கள் ஆப்புகளோடு சாத்தியிருக்கக் கண்டெடுத்ததாகச் சார்ஜன்ட் சொன்னார்.

"ரூபன் அந்த ரெண்டையும் கழட்டிக் கொண்டுபோய் வைச்சிட்டு, அஞ்சாம் முட்டைக் கழட்டேக்கை விழுந்திட்டுது."

ஐந்தாம் முட்டு ரூபனுக்குப் பக்கத்தில் கிடைத்தது. அதோடு ஓர் ஆப்பு. அரைச் செங்கல் ஒன்று. சுத்தியல்.

யதுர்ஷிகா அந்த ஆப்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு பக்கம் தடிப்பு, மறுபக்கம் மெலிவு. தடித்த முனையில் மரநார் புதிதாக நசுங்கி வெள்ளையாக இருந்தது. மெல்லிய முனை பழைய அழுக்கோடு அப்படியே இருந்தது.

"சார்ஜன்ட், ஆப்பைக் கழட்டுறதெண்டால் எந்தப் பக்கம் அடிப்பியள்?"

"மெல்லிய பக்கம். அப்பதான் பின்னுக்கு வரும்."

"இறுக்கிறதெண்டால்?"

"தடிச்ச..." அவர் நிறுத்திவிட்டு ஆப்பை வாங்கிப் பார்த்தார்.

"ஐயா கண்டது உண்மைதான். ரூபன் ஆப்பை அடிச்சவர். கழட்ட இல்லை, இறுக்க. ஆரோ கழட்டிக் கொட்டிலுக்குப் பின்னாலை வைச்ச அஞ்சாம் முட்டை எடுத்து வந்து, சிலாப் முனகின நடுவிலை முதல் திரும்ப நிறுத்தப் பாத்திருக்கிறார்."

சுகிர்தன் பிடரியைத் தடவினார். "சரி. ஆனால் தானே கழட்டிட்டு, சிலாப் முனகினவுடனை பயந்து திரும்ப வைச்சிருக்கலாம் எல்லோ?"

நியாயமான கேள்வி. யதுர்ஷிகா செங்கல்லைக் கையில் எடுத்தாள். பதினெட்டு இருக்க வேண்டிய இடத்தில் பதினேழு ஆப்புத்தான் இருந்தது. ஐந்தாம் இலக்கத்தின் சோடியைக் காணவில்லை. அதற்குப் பதிலாகத்தான் ரூபன் அரைச் செங்கல்லை வைத்திருக்கிறான்.

"அவர் அப்பத்தான் கழட்டின முட்டெண்டால் ரெண்டு ஆப்பும் காலுக்குக் கீழை கிடந்திருக்கும். செங்கல் தேடவேண்டி வராது. ரூபன் வரேக்கை அந்த ஆப்பு இஞ்சை இருக்கேல்லை."

"அப்ப அது எங்கை?"

"அதைத்தான் தேடப் போறன்."

இரண்டு கான்ஸ்டபிள்மாரும் சார்ஜன்ட்டும் யதுர்ஷிகாவும் ஒரு மணித்தியாலம் தேடினார்கள். விறகுக் கொட்டில், கிணற்றடி, கோழிக்கூடு, குப்பைக் குழி. எரிந்த அடுப்புச் சாம்பலைக்கூட அரித்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. சிற்றம்பலம் கதிரையிலிருந்து அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

காலை 11.45.

சார்ஜன்ட் மணிக்கூட்டைப் பார்த்தார். "நான் வீரபாகுவைக் கொண்டு கோட்ஸுக்கு வெளிக்கிட வேணும் மிஸ்."

"பத்து நிமிசம் தாங்கோ."

யதுர்ஷிகா ஸ்கூட்டியில் சாய்ந்து யோசித்தாள். அது மறுபடி சரியப் பார்த்தது. பலகைத் துண்டைக் காலால் தள்ளிக் கொடுத்தாள். கையில் ஓர் ஆப்பு இருக்கிற மனிதன் அதை என்ன செய்வான்? எறிவான். அல்லது பயன்படுத்துவான். எதற்கு? ஆடுகிற எதையாவது இறுக்க. இந்த முன்வளவில் ஊன்றிய எதுவும் ஆடத்தான் செய்யும். ஸ்கூட்டியே நிற்கவில்லை.

அவள் நிமிர்ந்தாள். நேரே சிற்றம்பலத்தின் முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, கன்னிக்காலுக்கு எவ்வளவு ஆழம் கிடங்கு வெட்டினீங்கள்?"

"ஒரு முழம். ஏன்?"

"நேற்றுப் பத்து இருபத்திரண்டுக்கு ஊன்றினது. அதுக்குப் பிறகு ஆரும் தொடேல்லை."

"சொன்னனானே, தொட விடேல்லை."

"இந்தக் கிரவலிலை ஒரு முழக் கிடங்குக்கை வைச்ச பச்சைத் தடி எப்பிடி ஐயா தூண் மாதிரி நிக்குது? பக்கத்திலை இவ்வளவு பெரிய சிலாப் விழுந்து நிலமே அதிர்ந்திருக்குது. அப்பவும் அது சரியேல்லை."

கதவோரத்தில் நேசமலர் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"சார்ஜன்ட், நீங்கள் தேடுற ஆப்பு கன்னிக்காலுக்கு அடியிலை இருக்குது."

"அதைத் தொடக்கூடாது!" சிற்றம்பலம் துள்ளி எழுந்தார். "கலியாணம் முடியுமட்டும் அதை அசைக்கப்படாது! விதுசன்ரை வாழ்க்கையை அழிக்கவே வந்தனீங்கள்?"

கான்ஸ்டபிள்மார் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சுகிர்தனும் அதே ஊர்ப் பிள்ளைதான். அவர் கால் எழும்பவில்லை. யதுர்ஷிகாவுக்கும் உள்ளே எதுவோ தயங்கியது. நீதவானின் கட்டளை வாங்கிவந்து தோண்டலாம். ஆனால் அதற்குள் இரவு வந்துவிடும், ஆப்பும் போய்விடும்.

அப்போது சிவலட்சுமி குசினியிலிருந்து வந்தார். நடந்ததையெல்லாம் உள்ளிருந்து கேட்டிருக்கிறார். யாரையும் பார்க்காமல் இடிபாட்டைச் சுற்றி நடந்து, கன்னிக்காலுக்கு முன்னால் முழங்காலில் உட்கார்ந்தார்.

"தங்கச்சி! நீ அதிலை கை வைக்கக் கூடாது!"

"ஏன் அண்ணை? என்ரை பிள்ளையின்ரை கலியாணத்துக்கு நான்தான் தோஷமோ?" சிவலட்சுமியின் குரல் உயரவில்லை. "எனக்கு உயிர் பிச்சை தந்தவன் ஆஸ்பத்திரியிலை கிடக்கிறான். அது தோஷமில்லையோ?"

ஈர மண்ணையும் நவதானியத்தையும் அவர் இரண்டு கையாலும் விலக்கினார். தடியை அசைக்கவில்லை. அதன் அடியில், ஒரு சாண் ஆழத்தில், கிடங்கின் ஓரத்தில் இறுக்கி அடித்த முதிரை மரத்தின் தடித்த முனை தெரிந்தது. பக்கவாட்டில் இருந்த மண்ணைத் துடைத்தார்.

நீலப் பெயின்டில் 5.

சார்ஜன்ட் போனை எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்கினார்.

"முட்டு கழண்டது காலமை," என்றாள் யதுர்ஷிகா. எல்லோருக்கும் கேட்கும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "பத்து இருபத்திரண்டுக்கு அஞ்சாம் ஆப்பு இந்தக் கிடங்குக்குள்ளை போட்டுது. ரூபன் வந்தது மத்தியானத்துக்குப் பிறகு. கன்னிக்காலை ஊன்றினது நீங்கள், ஐயா. வேறை ஒருத்தரையும் தொடவிடேல்லை எண்டும் நீங்கள்தான் சொன்னீங்கள். வாசலை மறிச்சு நிண்ட நடு வரிசையைக் கழட்டினீங்கள். தெரியாமல் இருக்கச் சீலை கட்டினீங்கள். ரூபன் வந்தால் கண்டிடுவான் எண்டு காலமை வரவேண்டாம் எண்டீங்கள். தடி ஆடேக்கை கையிலை அம்பிட்டது அந்த ஆப்பு. ஒரு மேசனைக் கேட்டிருந்தால், கன்னிக்காலுக்கு ஒரு கல்லை வைச்சிருப்பான். ஆப்பு சோடியாய் இருந்தால்தான் முட்டு நிக்கும் எண்டு உங்களுக்குத் தெரியாது."

"ஒரு நாளுக்குத்தானே..." சிற்றம்பலம் கதிரையில் தொப்பென்று விழுந்தார். "பொம்பிளை வீட்டார் வருகினம். வாசலிலை தடி நட்டு வைச்சு நல்ல காரியம் செய்யிறதோ எண்டு... பின்னேரம் திரும்ப வைப்பம் எண்டுதான் நினைச்சனான். சத்தியமாய்."

"வேண்டாம் எண்டு நான் சொன்னனான்." நேசமலர் அழத் தொடங்கினார். "விடிய ஆறு மணிக்கே சொன்னனான். கேட்டவரே?"

"நாப்பது பேர் அதுக்குக் கீழாலை நடந்திருக்கினம் ஐயா. பொம்பிளையின்ரை தாய் தகப்பனும்தான்," என்றாள் யதுர்ஷிகா. "அந்த ஒற்றை ஆப்பு இருந்திருந்தால் ரூபன் வைச்ச முட்டு வீரபாகு வருமட்டும் நிண்டிருக்கலாம். ஆப்புக்குப் பதிலாய் வைச்ச செங்கல்தான் வழுக்கினது. பிழையாய்ப் போனதை ஒத்துக்கொண்டிருந்தால் அது வெறும் பிழை. அதை ஆஸ்பத்திரியிலை மயங்கிக் கிடக்கிறவன்ரை தலையிலை வைச்சுக் கட்டினீங்கள் பாருங்கோ, அதுக்குப் பேர் வேறை."

சிவலட்சுமி மண் கையோடு எழுந்தார். "சார்ஜன்ட் தம்பி, நான் நேற்றுச் சொன்னதையும் எழுதுங்கோ. இண்டைக்குக் கண்டதையும் எழுதுங்கோ. கையெழுத்து வைக்கிறன்."

"அம்மா, உங்கடை அண்ணன்..."

"எழுதுங்கோ."

பிற்பகல் 3.50.

நீதிமன்றத்தில் அதிக நேரம் எடுக்கவில்லை. புதிய அறிக்கையோடு வந்த சுகிர்தன், வீரபாகுவுக்குப் பிணை கொடுக்க ஆட்சேபனை இல்லை என்றார். சிற்றம்பலத்தின் வாக்குமூலம் தனியாகப் போனது. வெளியே வந்த வீரபாகு யதுர்ஷிகாவின் காலில் விழப் பார்த்தார். அவள் இரண்டு அடி பின்னால் நகர்ந்தாள்.

"விளையாட்டு இல்லை, கேளுங்கோ. குற்றம் உங்களிட்டை இல்லாட்டியும் ரூபன் உங்கடை வேலையிலை காயப்பட்டவர். அவருக்கு வேலை குடுத்தவர் நீங்கள். நட்டஈட்டுக்கு நீங்கள்தான் பொறுப்பு. அதைப் பிறகு சிற்றம்பலத்தாரிட்டை வழக்குப் போட்டு எடுக்கலாம். ஆனால் ரூபனைக் காக்க வைக்கேலாது."

"சட்டம் இல்லாட்டியும் பாத்துக்குவேன் மிஸ். அவன் எம் புள்ள மாதிரி."

"பாசத்தாலை குடுக்கிறது உங்கடை மனம் மாறினால் நிண்டிடும். தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளருக்குப் படிவம் இருக்குது. நாளைக்குக் காலமை ஒன்பது மணிக்கு என்ரை ஒஃபிசுக்கு வாங்கோ. நான் உங்களுக்காக நிக்கிறதாலை அனோஜாவுக்கு இன்னொரு சட்டத்தரணியை ஒழுங்கு செய்யிறன். இனி எழுத்திலை இல்லாமல் ஒரு கல்லும் வைக்கக் கூடாது. பொன்னுருக்கு எப்ப எண்டதையும் கேட்டு எழுதுங்கோ."

வீரபாகு தலையாட்டினார். இந்த முறை உண்மையாகவே கேட்டுக்கொண்டார் என்று யதுர்ஷிகாவுக்குப் பட்டது.

மாலை 5.20.

ரூபன் கண் விழித்திருந்தான். ஆனால் பேசுகிற நிலையில் இல்லை. மருந்து மயக்கத்தில் இமைகள் மூடுவதும் திறப்பதுமாக இருந்தன. கட்டிலின் ஒரு பக்கம் அனோஜா. கால்மாட்டில் வீரபாகு வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

யதுர்ஷிகா புதிய பொலிஸ் அறிக்கையின் பிரதியை அனோஜாவிடம் நீட்டினாள். அனோஜா அதை வாங்கவில்லை.

"நீங்களே வாசிங்க மிஸ்."

யதுர்ஷிகா வாசித்தாள். "'வேறொருவரால் முட்டுகள் அகற்றப்பட்டிருந்ததைக் கண்ட மேற்படி ரூபன் என்பவர், வீட்டு உரிமையாளரை வெளியே வரவேண்டாம் என எச்சரித்து அவரது உயிரைக் காப்பாற்றியதுடன், கூரை விழுவதைத் தடுப்பதற்காக முட்டினை மீள நிறுத்திக்கொண்டிருந்தபோது காயமடைந்தார்.'"

அனோஜா கண்ணை இறுக மூடியிருந்தாள். நேற்றிலிருந்து அடக்கி வைத்திருந்த மூச்சு இப்போதுதான் வெளியே வந்தது.

"இன்னொருக்கா வாசிங்க மிஸ்," என்றாள். "சத்தமா. அவருக்குக் கேக்கணும்."

பக்கத்துக் கட்டில்களில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று யதுர்ஷிகா குரலை உயர்த்தி முதல் சொல்லிலிருந்து மறுபடி தொடங்கினாள்.